பிடுங்கலாமா, ஸார்?

வாசலில் ஆட்டோக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார். எழும்பூரில் ரயில் கிளம்ப இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம். நடுவில் மழை, சிக்னல், மெட்ரோ பள்ளம்.

"முடிஞ்சுதா மாப்ளே?" என்றார் அத்தான், ஒரு காலில் மட்டும் செருப்புடன்.

"இதோ அத்தான்... தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... ஆச்சு!"

திரையில் 'காப்பி ஆகிறது' பெட்டி மறைந்தது. சடக்கென்று ஒயரைப் பிடுங்கி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அக்காவின் கைப்பையில் முறுக்குப் பொட்டலத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே சொருகினேன். பிடுங்கும்போது டிஸ்க்கின் நீல விளக்கு படபடவென்று மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் பிடுங்கினேன்.

அந்த டிஸ்க்கில் கடைசியாக ஏற்றியது அக்கா பையனின் காதுகுத்து வீடியோ. அது போனால் போகிறது, பையன் காது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதே டிஸ்க்கில் அப்பாவின் போட்டோக்கள் இருந்தன. அப்பா ரிடையரான பிறகு பொழுது போகாமல், வீட்டிலிருந்த பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்தார். மொத்தம் 640 படங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பெயர் வைத்தார். '1971 கல்லிடைக்குறிச்சி, பெரிய சித்தப்பா, வாடகை சைக்கிளுடன்' என்கிற ரீதியில். ஆறு மாசம் ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் அப்பா காலமானார். அந்த 640 படங்களுக்கும் இன்னொரு காப்பி? எடுக்கணும் எடுக்கணும் என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ராத்திரி திருநெல்வேலியிலிருந்து அக்கா போன்.

"டேய், டிஸ்க்கைச் செருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குதுடா. ஓகே குடுத்துரட்டுமா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. பக்கத்து ஃபிளாட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைச் செருகுவது, பிடுங்குவது, வேறொன்றை மாட்டுவது... இதற்கு ஹாட் ஸ்வாப்பிங் என்று பெயர். ஏதோ பஜ்ஜிக் கடை சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கு நாம் இதை யோசிக்காமல் செய்கிறோம். நான் ஸ்கூல் படிக்கும்போது இப்படி இல்லை. கீபோர்டுக்கு ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துளை, மவுசுக்குப் பச்சையில் ஒன்று. பி.எஸ்.2 என்று பெயர், 1987-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்தது. ஓடுகிற கம்ப்யூட்டரில் அதைப் பிடுங்கி மறுபடி செருகினால், பெரும்பாலும் மவுஸ் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். அணைத்துப் போட்டால்தான் எழுந்திருக்கும். நேரம் சரியில்லாவிட்டால் மதர்போர்டில் ஃபியூஸே போய்விடும். பிரின்டர் ஒயர் இன்னும் விசேஷம்: 25 பின், இரண்டு பக்கமும் ஸ்க்ரூ. அதைக் கழற்றுவதற்குள் அவசரம் எல்லாம் தணிந்துவிடும். ஒருவேளை அதற்காகத்தான் ஸ்க்ரூ வைத்தார்களோ என்னவோ.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் யு.எஸ்.பி. வந்தது. 1996 ஜனவரியில் ஏழு கம்பெனிகள் சேர்ந்து முதல் விதிமுறையை வெளியிட்டன. இன்டெல்லில் இதற்கு முன்னால் நின்றவர் நம்ம ஆள்: அஜய் பட், பரோடாவில் இன்ஜினீயரிங் படித்தவர். வீட்டில் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக எதையோ பிரின்ட் எடுக்க மனைவி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் மனைவி படும் பாட்டைப் பார்த்து நமக்கெல்லாம் இப்படி ஏதாவது தோன்றுகிறதா?

ஆரம்பத்தில் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. 1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் அவருடைய ஆள் கிறிஸ் கபோசெலா, வரப்போகிற விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரை எப்படிச் சும்மா செருகினாலே போதும் என்று செய்து காட்டுகிறார். ஒயரைச் செருகினார். அவ்வளவுதான், பெரிய திரை முழுக்க நீலம்! கம்ப்யூட்டர் மூர்ச்சை. கூட்டம் ஓவென்று சிரித்தது. 'இதனாலதான் இதை இன்னும் விற்பனைக்கு விடலை போலிருக்கு' என்கிற மாதிரி ஏதோ சொல்லி கேட்ஸ் சமாளித்தார். உலகப் பணக்காரருக்கே செருகும்போது இந்தக் கதி. பிடுங்கிய நான் எம்மாத்திரம்!

சரி, உங்கள் பென் டிரைவைக் கையில் எடுங்கள். வாயைப் பிளந்து பாருங்கள். பழைய மாடலாக இருந்தால் நாலு தங்கப் பட்டைகள் தெரியும். நன்றாகக் கவனித்தால் ஓரத்துப் பட்டைகள் இரண்டும் நீளம், நடுவில் இருப்பவை சற்றுக் குட்டை. ஓரத்தில் இருப்பது கரன்ட்டுக்கு, நடுவில் இருப்பது தகவலுக்கு. செருகும்போது கரன்ட் முதலில் தொடும், தகவல் அப்புறம். பிடுங்கும்போது தகவல் முதலில் விடும், கரன்ட் கடைசியில். விருந்தாளி வந்ததும் முதலில் விளக்கைப் போட்டு, அப்புறம் பேச ஆரம்பிப்பது போல. கும்மிருட்டில் பேச்சு கொடுத்தால் யார் எது பேசுகிறார்கள் என்று தெரியாமல் குழம்பும் இல்லையா, அதற்காக. இந்தச் சின்ன நீள வித்தியாசத்தில்தான் ஹாட் ஸ்வாப்பிங்கின் பாதி ரகசியம் இருக்கிறது.

மீதிப் பாதி, செருகின கையோடு நடக்கிற விசாரணை. தகவல் கம்பியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் மூலம் 'நான் வந்திருக்கேன்' என்று சாதனம் கையைத் தூக்குகிறது. கம்ப்யூட்டர் அதைத் தட்டி நிமிர்த்தி, 1-லிருந்து 127-க்குள் ஒரு கதவு நம்பர் கொடுக்கிறது. அப்புறம் கேள்வி: நீ யார்? எந்தக் கம்பெனி? என்ன மாடல்? எவ்வளவு கரன்ட் சாப்பிடுவாய்? இந்தப் பதில்கள் வரும்வரை யு.எஸ்.பி. 2-ல் 100 மில்லி ஆம்பியருக்கு மேலும், யு.எஸ்.பி. 3-ல் 150-க்கு மேலும் இழுக்கக் கூடாது என்பது சட்டம். சம்மதம் கிடைத்ததும் யு.எஸ்.பி. 2-ல் 500 வரைக்கும், யு.எஸ்.பி. 3-ல் 900 வரைக்கும் இழுக்கலாம். சில சமயம் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு எழுந்திருக்காமல் கிடக்கும். ஐயோ போச்சு என்று பதற வேண்டாம். மோட்டாரைச் சுழற்ற முதலில் நிறைய கரன்ட் வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத் துளையிலோ, நீளமான மலிவு ஒயரிலோ அது போதுமான அளவு வராமல் இருக்கலாம். பின்பக்கத் துளையில் குட்டை ஒயரால் செருகிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும்.

ஆக, மின்சார விஷயத்தில் யு.எஸ்.பி.யைப் பிடுங்குவதால் ஒரு தப்பும் இல்லை. பிடுங்குவதற்காகவே பண்ணின பிளக் அது. அப்படியானால் என் டிஸ்க் ஏன் செத்தது?

நான் பி.காம். எனக்கு எதுவுமே பேரேடு வழியாகத்தான் புரியும். ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அலைமோதுகிறது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பெரிய பேரேட்டைப் புரட்டி எழுதிக்கொண்டிருந்தால் க்யூ தெருமுனைக்குப் போய்விடும். அதனால் துண்டுச் சீட்டில் கிறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். வாடிக்கையாளரிடம் 'ஆச்சு ஸார், போய்ட்டு வாங்க' என்கிறார். கூட்டம் குறைந்ததும் சீட்டுகளை எடுத்துப் பேரேட்டில் ஏற்றுவார்.

கம்ப்யூட்டரும் அதேதான். நீங்கள் காப்பி செய்கிற ஃபைலைச் சட்டைப் பையில், அதாவது தன் மெமரியில், வாங்கி வைத்துக்கொண்டு 'ஆச்சு ஸார்' என்கிறது. பெட்டி மறைகிறது. டிஸ்க் மெதுவான பேர்வழி. அதில் எழுதுகிற வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு ரைட் கேஷ் என்று பெயர். அந்த மினுக்குகிற நீல விளக்கு, கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். அவர் பேனாவை எடுப்பதற்குள் நான் பேரேட்டையே பிடுங்கிக்கொண்டு ரயிலுக்கு அனுப்பிவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்தது வீடியோ பக்கம் என்றால் வீடியோ மட்டும்தான் போயிருக்கும். என் துரதிர்ஷ்டம், அந்த நொடியில் பேரேட்டின் முதல் பக்கங்கள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன போலிருக்கிறது. எந்த ஃபைல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் அட்டவணை. அது பாதியில் அறுந்தால் உள்ளே சரக்கு பூராவும் பத்திரமாக இருந்தாலும், 'இது என்ன டிஸ்க், ஒண்ணும் புரியலையே, ஃபார்மட் பண்ணிடவா?' என்றுதான் கேட்கும்.

இங்கே இன்னொரு கணக்கு சமாசாரம். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில், அட்டவணையில் எந்தத் திருத்தத்தையும் செய்வதற்கு முன்னால் 'இன்னது செய்யப் போகிறேன்' என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். அதற்கு ஜர்னல் என்றே பெயர்! பி.காம். முதல் வருஷத்தில் படித்த அதே ஜர்னல். நடுவில் யாராவது ஒயரைப் பிடுங்கினாலும் அடுத்த தடவை குறிப்பேட்டைப் பார்த்து அட்டவணையை நேர்செய்துகொள்ளும். ஃபைலுக்குள் இருப்பதற்கு அது ஜாமீன் கிடையாது, அட்டவணைக்கு மட்டும்தான். ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் முறைகளில் இந்தக் குறிப்பேடே இல்லை, நேரே பேரேடுதான். என் டிஸ்க் எக்ஸ்ஃபேட். டிவியிலும் ஓடணும், அக்கா வீட்டு மேக்கிலும் ஓடணும், நம்ம விண்டோஸிலும் ஓடணும் என்று நானே பார்த்துப் பார்த்து அப்படி ஃபார்மட் செய்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. விண்டோஸில் டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் பாலிசீஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் இரண்டு வழி: ஒன்று 'க்விக் ரிமூவல்', மற்றது 'பெட்டர் பர்ஃபார்மன்ஸ்'. முதலாவதில் கணக்குப்பிள்ளை சீட்டுகளைச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் ஏற்றிவிடுவார்; கொஞ்சம் மெதுவாக நடக்கும். இரண்டாவதில் வேகம் அதிகம், சட்டைப் பையும் பெரிசு. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு முதலாவதுதான் தானாகவே இருக்கிறது. நான்? வேகமா காப்பி ஆகட்டுமே என்று இரண்டாவதை மாற்றி வைத்திருந்தேன். லாபம் ஒரு நிமிஷமோ, இரண்டு நிமிஷமோ.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'க்விக் ரிமூவல்' வைத்திருந்தாலும் விளக்கு மினுக்கும்போது பிடுங்கினால் அடி அடிதான். எழுதுகிற கையைத் தட்டிவிட்டால் எந்தப் பாலிசியும் காப்பாற்றாது.

டாஸ்க்பாரில் அந்த ஒயர் படத்தைத் தொட்டு 'எஜெக்ட்' கொடுப்பது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். 'கணக்குப்பிள்ளை, கடையைக் கட்டறோம், சீட்டெல்லாம் ஏத்திடுங்க' என்று சொல்வதுதான் அது. ஏற்றி முடித்து, பேரேட்டை மூடி, 'இனி எடுத்துட்டுப் போகலாம்' என்று அது சொல்லும். சில சமயம் 'இது உபயோகத்தில் இருக்கிறது' என்று அடம் பிடிக்கும். யார் உபயோகிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லாது; கவர்மென்ட் ஆபீஸ் கவுன்ட்டர் மாதிரி. பெரும்பாலும் திறந்து வைத்து மறந்த ஒரு ஜன்னலோ, போட்டோ பார்க்கிற புரோகிராமோ, ஆன்ட்டிவைரஸோதான் ஆசாமி. எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். மசியவில்லையா, கம்ப்யூட்டரையே ஷட்டவுன் செய்துவிட்டு எடுங்கள். தூங்க வைப்பது கணக்கில் வராது. தூங்குகிற கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கை உருவி, வேறு இடத்தில் எதையாவது எழுதிக் கொண்டுவந்து திரும்பச் செருகினால், அது பழைய ஞாபகத்திலேயே எழுந்து மேலும் குழப்பும்.

எடுத்தபின்பும் ஒரு பத்து, பதினைந்து விநாடி டிஸ்க்கை அசைக்காமல் வையுங்கள். உள்ளே தட்டு சுழன்று நிற்க நேரம் ஆகும். அந்தத் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர்தான். திடீரென்று கரன்ட் போனாலும், சுழல்கிற வேகத்திலிருந்தே சக்தியை எடுத்து முனையைப் பத்திரமான மூலைக்கு ஒதுக்குகிற ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதற்குள் நாம் அதை முறுக்குப் பொட்டலத்தோடு குலுக்கக் கூடாது.

"அப்ப மவுசுக்கும் எஜெக்ட் கொடுக்கணுமா?" என்று கேட்டார் அத்தான். நியாயமான கேள்வி. மவுஸ், கீபோர்டு, வெப் கேமரா, ஹெட்போன் இதற்கெல்லாம் பேரேடு கிடையாது; தாராளமாகப் பிடுங்குங்கள். பிரின்டரைப் பாதியில் பிடுங்கினால் ஒரு பேப்பரும் கொஞ்சம் மானமும் போகும். செல்போனை ஒயரில் மாட்டி போட்டோ எடுக்கிறோமே, அங்கே பேரேடு போனிடமே இருக்கிறது, கம்ப்யூட்டர் கேட்டு வாங்குகிறது. பிடுங்கினால் பாதியில் நின்ற அந்த ஒரு ஃபைலோடு போகும். பென் டிரைவ், கேமரா கார்டு, ஹார்ட் டிஸ்க் இந்த மூன்றுக்கும்தான் கும்பிடு போட்டுவிட்டு எடுக்க வேண்டும். கார்டு ரீடரிலிருந்து கார்டை மட்டும் உருவினாலும் அதே பாவம்தான். ரீடர் ஒயர் மாட்டித்தானே இருக்கு என்று ஏமாறாதீர்கள். கேபினெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சாட்டா டிஸ்க்கை ஓடும்போதே மாற்றுகிற வீரர்களும் இருக்கிறார்கள். சாட்டாவிலும் எர்த் முதலில் தொடுகிற மாதிரி நீளமான பின்கள் உண்டு. ஆனால் பயாஸில் அந்தத் துளைக்கு ஹாட் பிளக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் ஓடுகிற டிஸ்க்கையே உருவுவது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. உட்கார்ந்திருக்கிற நாற்காலியை உருவுவதுதான் அது.

என் டிஸ்க் ஒரு வாரத்தில் அத்தானின் நண்பர் வழியாகத் திரும்பி வந்தது. மேல் போர்ஷனில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன் வந்து உட்கார்ந்தான். முதலில் என் கையைப் பிடித்து மவுசிலிருந்து எடுத்தான்.

"அங்கிள், இதுல இனிமே எதையும் எழுதக் கூடாது. படிக்க மட்டும்தான் செய்யணும். எடுக்கறதை வேற டிஸ்க்ல போடணும். புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தேன். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச புரோகிராமை ஓடவிட்டான். அது அட்டவணையையே பார்க்காது. டிஸ்க்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டி, 'இது ஜேபெக் படம் மாதிரி ஆரம்பிக்கிறதே' என்று முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டு எடுத்து வைக்கும். என் பழைய கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. 2. ஒரு டெராபைட் படித்து முடிக்க ராத்திரி முழுக்க ஆயிற்று. நான் தூங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

விடிகாலையில் எண்ணிப் பார்த்தோம். காதுகுத்து வீடியோ கூழ். ஆனால் படங்கள் வந்துவிட்டன. அப்பாவின் ஸ்கேன் 640-ல் 627!

பையனுக்கு காபி கொடுத்துக்கொண்டே முதல் ஃபைலின் பெயரைப் படித்தேன். எஃப் 0234816. அடுத்தது எஃப் 0239104. அதற்கடுத்தது...

"பேரெல்லாம் எங்கேப்பா?"

"பேரு அட்டவணையிலதான் அங்கிள் இருக்கும். படத்துக்குள்ள இருக்காது."

செல்போனில் எடுத்த படங்களுக்குள் எடுத்த தேதியாவது இருக்கிறது, வரிசைப்படுத்திவிடலாம். ஸ்கேன் செய்த பழைய படங்களில் அதுவும் இல்லை. அப்பா இரண்டு விரலால் தட்டின ஆறு மாசமும் அந்த நீல விளக்கோடு போய்விட்டது.

இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறோம். ஒரு நாளைக்கு இருபது படம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'இது உங்க ஆச்சி, அம்பாசமுத்திரம் வீட்டுத் திண்ணை' என்பாள். நான் தட்டுவேன், பத்து விரலால். அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி. எஜெக்ட் கொடுத்து, விளக்கு அணைகிற வரைக்கும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'நின்னுடுச்சு, எடு' என்று அவள் சொன்னால்தான் எடுக்கிறேன்.

நானூறுக்கு மேல் முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டு நிற்பது ஒரு முப்பது படம், எல்லாம் அம்மா இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தியவை. அதில் ஒன்றில், ஸ்டூடியோவில் தொங்கவிட்ட பெரிய நிலாவுக்கு முன்னால் அப்பா நிற்கிறார். இருபது வயசு இருக்கலாம், பெல்பாட்டம், ஒல்லி. தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் இன்னொரு இளைஞர். இரண்டு பேரும் எதையோ கேட்டுச் சிரித்து அப்போதுதான் அடக்கிக்கொண்ட முகம்.

"யாரும்மா இது?"

"தெரியலையேடா. உங்கப்பா சொல்லியிருப்பார், நான்தான் காதுல வாங்கலை."

சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே ஒரு பெயர் சொன்னார். தட்டி வைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே போன் செய்து, "அவன் இல்லைடா. அவன் குள்ளம்" என்றார்.